ஒரு ரிக்கற், இரண்டு கணக்குப் புத்தகம்



2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கட்டாரின் வடகிழக்குக் கரையிலுள்ள ராஸ் லஃபான் எரிவாயு நகரில் ஓர் ஒப்பந்தக் கொம்பனியில் கணக்காளராக இருந்தேன். டோகாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வடக்கே. அங்கே மெட்ரோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொம்பனி பஸ் எங்களைக் கட்டார் பல்கலைக்கழக ஸ்ரேசனடியில் இறக்கிவிடும். சிவப்புப் பாதையில் ஏறி, முஷைரிப்பில் இறங்கி, தங்கப் பாதைக்கு மாறி, சூக் வாக்கிஃப் சந்தைக்குப் போவோம்.

முதல் நாள் என்னோடு வந்த மட்டக்களப்புத் தம்பி முஷைரிப்பில் நின்று சட்டைப் பையைத் தடவினார்.

"அண்ணை, ரெண்டாவது ரிக்கற் எங்கை எடுக்கிறது?"

"தேவையில்லைத் தம்பி. கையிலை இருக்கிறதுதான்."

"எல்லாம் சேர்த்து ரெண்டு றியாலோ?"

சந்தையடியில் கதவு திறந்த பிறகுதான் அவர் நம்பினார். எனக்கோ வேறொரு கேள்வி. அந்த இரண்டு றியால் எந்தப் பாதையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது?

டோகாவில் இதற்கு விடை சுலபம். 2019 மே 8இல் திறந்த சிவப்புப் பாதை, நவம்பர் 21இல் திறந்த தங்கப் பாதை, டிசெம்பர் 10இல் திறந்த பச்சைப் பாதை மூன்றுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. ஒரு பெட்டிக்குள் போடும் காசைப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. டுபாயும் அப்படித்தான். அங்கே மெட்ரோ, டிராம், பஸ் எல்லாம் ஓர் அதிகாரசபையின் கீழ் இருப்பதால், ஒன்றிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் அது ஒரே பிரயாணம். ரியாத் நகரில் 2024 டிசெம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, 4 றியால் சீட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தார்கள்.

சொந்தக்காரர் பலராக இருந்தால் என்ன செய்வது? இந்தச் சிக்கல் முதலில் எழுந்தது இங்கிலாந்தில். 1830களில் ஒவ்வொரு கொம்பனியும் தன் துண்டுப் பாதையைப் போட்டது. பயணி ஒரு கொம்பனியின் எல்லை முடிந்ததும் இறங்கி, மறுபடி சீட்டு வாங்கி, மூட்டையைத் தானே தூக்கி ஏற்ற வேண்டும்.

இதைத் தீர்த்து வைத்தவர்களில் ஒருவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இலண்டன் - பேர்மிங்ஹாம் ரயில்வேயின் தலைமைக் கணக்காய்வாளர் கெனத் மொரிசன். வங்கிகள் ஒன்றின் காசோலையை மற்றொன்று ஏற்று, பின்னர் ஓரிடத்தில் கூடி நேர் செய்வது போல ரயில்வேக்களும் செய்யலாம் என்பதுதான் யோசனை. அப்படி 1842 ஜனவரியில் இலண்டனில் 'ரயில்வே கிளியரிங் ஹவுஸ்' பிறந்தது. பயணி ஒரே சீட்டில் போவார். சேருமிடத்தில் வாங்கிய சீட்டுகளின் கணக்கு இலண்டனுக்கு வரும். எவருடைய தண்டவாளத்தில் எத்தனை மைல் என்று பார்த்து லிகிதர்கள் காசைப் பிரிப்பார்கள். தோமஸ் எட்மண்ட்சன் அறிமுகப்படுத்திய, தொடர் இலக்கம் அச்சிட்ட மட்டைச் சீட்டு இதற்குக் கைகொடுத்தது. இலங்கையில் நாங்கள் வாங்கிய அந்தத் தடித்த சின்ன மட்டை அதன் வழிவந்ததே.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மீண்டும் புகையிரதம். இந்தியப் பக்கம் மீற்றர் பாதை, இலங்கைப் பக்கம் அகலப் பாதை. பெட்டி கடலைத் தாண்ட முடியாது, சீட்டு தாண்டியது. அக்கரையிலும் இக்கரையிலும் இருந்த இரு ரயில்வேக்கள் ஒன்றின் சீட்டை மற்றொன்று ஏற்றன. அவ்வளவுதான் இரகசியம்.

1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. அந்த ஒரே சீட்டு மட்டும் திரும்பி வரவில்லை. 1980களில் அதே நீரிணையை எங்களில் பலர் எந்தச் சீட்டும் இல்லாமல் வள்ளத்தில் கடந்தோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி, நாங்கள் குடியேறிய ஊர்களுக்கு வருவோம். ஒரே அட்டை என்பது வேறு, ஒரே கட்டணம் என்பது வேறு. ரொறன்ரோ நேயர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிரெஸ்டோ அட்டை ஒன்றுதான், ஆனாலும் ஸ்கார்பரோவிலிருந்து ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் போய் வேலை செய்தவர் இரண்டு கட்டணம் கட்டினார். வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் இன்னொன்று. கட்டணத்தை ஒன்றாக்கினால் குறையும் வருமானத்தை யார் தாங்குவது என்ற கேள்வியில் பல ஆண்டுகள் போயின. ஒன்ராறியோ மாகாண அரசு அந்த நட்டத்தைத் தான் ஏற்றுக்கொண்டது. 2024 பெப்ரவரி 26 முதல் ஒரே கட்டணம். தொழில்நுட்பம் முன்பே இருந்தது. யார் காசு கொடுப்பது என்ற முடிவுதான் இல்லாதிருந்தது.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வாடகை குறைந்த இடம் தேடி நகரின் ஓரத்தில் குடியிருப்பவர்தான் அதிகம் மாறி ஏறுகிறார். இரண்டாவது கட்டணம் விழுவது அவர் தலையில். எங்கள் முதல் தலைமுறை துப்புரவு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் அப்படித்தான் போய் வந்தது.

கணக்காளன் என்ற முறையில் ஒரு சின்ன ஆலோசனை. ரொறன்ரோவானாலும் இலண்டனானாலும், போகும்போது தொட்ட அட்டையையே மாறும்போதும் தொடுங்கள். ஏறும்போது அட்டை, மாறும்போது கைத்தொலைபேசி என்றால் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். சலுகை கிடைக்காது. வீட்டிலுள்ள அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ராஸ் லஃபானுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தத் தம்பி தன் ரிக்கற்றைப் பத்திரமாக மடித்து வைத்தார். "ஊரிலை காட்டினா நம்பமாட்டினம் அண்ணை" என்றார்.