அடுப்பும் உண்டியலும்

தருமத்துக்குப் பணம் சேர்க்கும் விழாக்களில் நம் இளைஞர் உணவுச்சாலை நடத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒருவர் வடை சுடுகிறார். ஒருவர் மோர் கலக்குகிறார். ஒருவர் சில்லறை எண்ணுகிறார். செலவு போக மிஞ்சுவது ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ ஒரு நோயாளியின் மருந்துக்கோ போகிறது. இதனைக் காணும் பெரியோர் சிலர், "சோற்றை விற்பதும் ஒரு தருமமா?" என்று வினவுகின்றனர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. நம் சமயமரபில் அன்னம் கொடுக்கப்படுவது, விற்கப்படுவதன்று. ஆகவே, அடுப்பும் உண்டியலும் எங்கே எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதைச் சரித்திர வாயிலாகச் சிறிது ஆராய்வோம்.

நம் வன்னி நாட்டிலிருந்தே தொடங்குவோம். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசித் திங்களில் நடைபெறும் கண்ணகை அம்மன் பொங்கலை அறியாதார் இல்லை. பொங்கல் நாளில் மட்டும் செல்வோர் கண்ணிற் படுவது பானைகளும் புகையும் சனத்திரளுமேயாம். ஆனால் அவ்விழா பாக்குத் தெண்டலோடு முன்னரே தொடங்கிவிடுகிறது. பின்னர்க் கடலிலே தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரால் விளக்கெரிகிறது. அதன் பின்னரே வற்றாப்பளையில் பொங்கல். தெண்டல் என்னும் சொல்லுக்குத் திரட்டுதல் என்பது பொருள். பொங்குவதற்கு முன்னே திரட்டுதல் உண்டு என்பதை நம் முன்னோர் சடங்காகவே அமைத்துவிட்டனர்.

வைகாசி வெயிலிலே நெடுந்தூரம் வருவோருக்காக வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் அமைத்தலும் இத்தருமத்தின் ஓர் அங்கமே. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் கூறும் செய்தியை நாம் பாலபாடம் முதலே கேட்டிருக்கிறோம். இதே காலத்தில் நம் சிங்களச் சகோதரர் வெசாக் நாளிலே தெருவோரங்களில் 'தன்சல்' வைத்து, வருவோர் யாவர்க்கும் உணவும் பானமும் வழங்குகின்றனர். வைசாகம் என்னும் சொல்லே வெசாக் என வழங்குகிறது. தன்சல் என்பதும் நம் தானசாலையேயன்றி வேறன்று.

இனி, கொடுப்பதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அதனை நடத்தப் பெருநிதி எதனையும் உடையவராயிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு பிடியரிசி பெற்றே அத்தருமத்தை வளர்த்தார். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்த இல்லத்தரசிகளின் கையே அப்பாடசாலையின் முதல் உண்டியலாயிற்று. 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கோதாரியும் ஒருங்கே வாட்டியபொழுது, அவரே பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். திரட்டியவர் கையே அகப்பையையும் பிடித்தது என்பது இங்கே கருதத்தக்கது.

தருமத்தின்பொருட்டு உணவை விலைக்குக் கொடுக்கும் முறையோ மேல்நாட்டிலே பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தேவாலயங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் நிதி சேர்க்கத் தருமச் சந்தைகள் பல நடத்தப்பட்டன. முதலாம் உலகப் போரிலே, 1917இல், பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அண்மையில் இரட்சணிய சேனைப் பெண்கள் மாவளையங்களை எண்ணெயிற் பொரித்துப் போர்வீரருக்கு அளித்தனர். அதே சேனையார் 1938இல், நாடெங்கும் வேலையின்றி மக்கள் வாடிய காலத்தில், சிக்காகோ நகரிலே அப்பலகாரத்தின் பெயரால் ஒரு நாள் வகுத்து ஏழைகளுக்கு நிதி திரட்டினர். போர்க்களத்திற் கொடையாய் நின்ற பண்டம் நகரத்திலே கொடைக்கு வாயிலாயிற்று. பண்டம் ஒன்றே, நோக்கமும் ஒன்றே, வழி மட்டும் வேறு.

வன்னியிலோ அடுப்பின் சரித்திரம் நம் வாழ்நாளிலேயே கண்ணீரால் எழுதப்பட்டது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வவுனியாவிலே குடியேறப் கட்டடக் கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் இயக்கம் துணைநின்றது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அழித்தபொழுது, உள்ளூர்க் கிராமங்களிலே சமைத்த சோற்றுப் பொதிகளே தப்பியோரின் முதல் உணவாயின. 2009இல் முள்ளிவாய்க்காலில் முற்றுகைப்பட்ட மக்கள் அரிசியும் உப்பும் நீருமான கஞ்சியால் உயிரைப் பிடித்துக்கொண்டனர். பின்னர் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தபொழுது, உணவுப் பொதிக்குக் கைநீட்டி நின்றவர்களுள் அதுவரை பிறர்க்கு அளந்து கொடுத்த கமக்காரரும் இருந்தனர். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைத் தெருவோரத்திற் காய்ச்சி வழங்குவோர், பசியையும் இழப்பையும் ஒருங்கே நினைவிற் கொள்கின்றனர். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் சூழ்ந்தபொழுதும் கிடாரங்கள் மீண்டும் அடுப்பேறின.

இச்சரித்திரம் பெரியோரின் வினாவுக்கு என்ன விடை கூறுகிறது? இடர்க்காலத்து அடுப்பில் விலை பேசுதல் பாவம். அங்கே கொடையே தருமம். ஆயினும் அவ்வடுப்புக்கு வேண்டிய அரிசியும் விறகும் வானத்திலிருந்து விழுவதில்லை. இடரில்லாக் காலத்தில், வசதியுள்ளோரிடம் வடைக்கு விலைபெற்று அதனைச் சேர்த்துவைத்தல் பிடியரிசியின் இக்கால உருவமேயாம். ஆனால் அது தருமமாக நிலைப்பதற்கு மூன்று நெறிகள் வேண்டும்.

முதலாவது, கணக்கு. ஆயிரம் ரூபாவுக்கு விற்று, மாவுக்கும் எண்ணெய்க்கும் அறுநூறு செலவாயின், தருமத்துக்குச் சேர்ந்தது நானூறே. விற்பனைத் தொகையை நன்கொடைத் தொகைபோலப் பறைசாற்றுதல் தகாது. வரவும் செலவும் மிச்சமும் எழுதப்பட்ட தாள் மறுநாளே அறிவித்தற் பலகையில் தொங்கவேண்டும். பொருள் தந்தவர் அனைவரும் அத்தாளைப் பார்க்கும் உரிமை உடையவர்.

இரண்டாவது, தூய்மை. நாவலர் காலத்துக் கோதாரி போன்ற நோய்கள் கெட்ட நீராலும் கையழுக்காலும் பரவுவன. 1854இல் இலண்டனிலே வைத்தியர் யோன் சினோ ஒரு தெருக் குழாய்க்கிணற்றின் நீரே அவ்வூரிற் பலரைக் கொன்றது என்று காட்டினார். ஆதலின், கொதித்தாறிய நீர், மூடிய பாத்திரம், கைகழுவும் சவர்க்காரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் குறைக்கும் தொண்டன் தன்னை அறியாமலே தீங்கு செய்கிறான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்துக் காட்டுதல் நமக்குக் குறைவன்று.

மூன்றாவதே தலையாயது. காசில்லாது வந்து நிற்பவனை நம் சாலை திருப்பி அனுப்புதலாகாது. முதற் பானையில் ஒரு பங்கை விலையின்றி வழங்கவென்று ஒதுக்கிவைத்த பின்னரே விற்பனையைத் தொடங்கவேண்டும். அவனிடம் ஊரும் பெயரும் கேளாது, பிறர்க்குக் கொடுக்கும் அதே இலையில், அதே முகத்தோடு கொடுக்கவேண்டும். வரிசையில் நின்று உண்ட நாட்களை மறவாத மண்ணிலே வாழ்கிறோம் நாம். கைநீட்டுவோன் நெஞ்சின் கூச்சம் எத்தகையது என்பதை வன்னியாருக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! அடுப்படியில் நிற்பது இழிவென்று எண்ணாதீர்கள். பெரியோர்களே! இளைஞர் காசு எண்ணுவதைக் கண்டு முகஞ்சுழியாதீர்கள். அருகே அமர்ந்து கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள். அடுப்பும் உண்டியலும் இவ்வாறு ஒருவர்க்கொருவர் காவலாய் நிற்குமாயின், நம் சங்கத்தின் உணவுச்சாலையும் முன்னோர் வைத்த தண்ணீர்ப்பந்தலின் வரிசையில் ஓர் இடம் பெறும் என்பது திண்ணம்.