ஊர்ப்பெயர் தாங்கும் நாய்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோம்பை என்னும் பேரூர் உள்ளது. மலைமேல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இராமக்கல்மேட்டின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், கோம்பையும் தேவாரமும் கம்பமும் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் இடையே பரந்து கிடப்பதைக் காணலாம். மேலே ஏலக்காட்டின் குளிர். கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வெயில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மலைச்சாரலிலேதான் அரியதொரு நாயினம் உருப்பெற்றது. செவலை நிறம், கரிய முகவாய், குறுமயிர், அகன்ற மார்பு, வலிய தாடை ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்குத் தனிப்பெயர் ஒன்றும் இல்லை. பிறந்த ஊரின் பெயரே அதன் பெயர். கோம்பை நாய் என்றே வழங்குகிறோம்.

நாய்க்கும் ஒரு வரலாறா என்று சிலர் நகைக்கக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு நகைத்தாரில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டிய நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. அரசர் பலரின் பெயர் மறைந்துபோன நாட்டிலே, ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிலைத்திருக்கிறது.

பெங்களூரில் வாழும் நம்மவர், அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் மற்றொரு சான்றைக் காணலாம். மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டுக் கல் அது. 949-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த தக்கோலப் போரைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பான், பரிசாகப் பொன்னையோ பொருளையோ வேண்டாமல், காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியையும் கொன்று தானும் மாண்டது. அதற்காகவே அக்கல் நாட்டப்பட்டது. காவலும் பன்றி வேட்டையும் நாயின் பெருந்தொழில்களாக விளங்கின என்பதை இவ்விரு கற்களும் உணர்த்துகின்றன. கோம்பை நாயின் தொழில்களும் இவையே.

16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் தம் நாட்டைப் பாளையங்களாக வகுத்தபோது கோம்பையும் ஒரு பாளையமாயிற்று. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடியினர் அங்குப் பாளையக்காரர்களாக விளங்கினர். இன்று தமிழ்நாட்டின் நாய் என்று நாம் பெருமைப்படும் இவ்வினம், அயலிலிருந்து வந்து குடியேறியோரும் கைகொடுத்து வளர்த்த செல்வம் என்பதை மறத்தலாகாது.

மலையடிவாரத்து உழவனுக்குப் பகைகள் இரண்டு. இரவில் மலையிறங்கிப் பயிரை அழிக்கும் பன்றி ஒன்று. மாட்டைக் கவரும் கள்வன் மற்றொன்று. இரண்டுக்கும் அஞ்சாத நாயே அவனுக்கு வேண்டியிருந்தது. பன்றியின் கொம்பைக் கண்டு பின்வாங்கிய நாய்க்கு அடுத்த தலைமுறை இல்லை. துணிந்து வளைத்துத் திரும்பிய நாயின் குட்டியையே மக்கள் விரும்பிக் கேட்டனர். ஏட்டில் எழுதாத இத்தேர்வு பல தலைமுறை நடந்தது. அதனால் நிலைபெற்றதே கோம்பை என்னும் இனம். 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களில் தென்னாட்டு நாய்கள் கூடாரங்களைக் காத்தன என்ற செவிவழிச் செய்தி எங்கும் வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய நூல்களிலும் பாளையக்கார நாய் என்ற பெயர் காணப்படுகிறது. அப்பெயர் ஓர் ஊரின் இனத்தை மட்டும் சுட்டுவதன்று. ஆயினும் பாளையத்துக்கும் நாய்க்கும் இருந்த உறவை அது தெளிவாகக் காட்டுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் ஏறும் வழிகள் பல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற பெயர்கள் அப்பகுதி மக்களின் அன்றாடப் பேச்சில் வருபவை. ஏலத்தோட்ட வேலைக்கு இவ்வழிகளில் ஏறி இறங்கும் தமிழ் மக்களின் வாழ்வு இன்றும் தொடர்கிறது. மேலே விளையும் ஏலத்துக்கு வண்டன்மேட்டிலும் கீழே போடிநாயக்கனூரிலும் சந்தை உண்டு. விலையுயர்ந்த பொருள் விளையும் இடத்தில் காவல் இன்றியமையாதது. தோட்டத்துக் குடிலில் தனித்து இரவைக் கழிப்பவனுக்கு, அருகே ஒரு நல்ல நாய் படுத்திருப்பது எத்துணைப் பெரிய துணை என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று மாறுதல்கள் நிகழ்ந்தன. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. குடிமக்களுக்கு நன்மை விளைந்தது. ஆனால் வேட்டை நாய்க்கூட்டங்களைப் பேணிய பெரிய மனைகளின் வசதி குன்றிற்று. 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பாலக்காட்டுப் பகுதி சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. ஒரே மலையின் அடியும் முடியும் வெவ்வேறு மாநிலங்களுக்கு உரியவையாயின. 1972-ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. வேட்டை குற்றமாயிற்று. காடும் விலங்கும் பிழைக்க அச்சட்டம் வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எந்தத் தொழிலால் இந்த நாய் உருவாயிற்றோ, அத்தொழிலில் ஒரு பாதி அன்றே முடிவுற்றது. எஞ்சியது காவல் ஒன்றே.

தொழில் போன பின் ஓர் இனம் எதனால் நிலைக்கும்? வளர்ப்பவனின் நேர்மையால் நிலைக்கும் என்பதே நம் அனுபவம். முன்னர் காடே தேர்வு செய்தது. இன்று நாம் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அத்தேர்வு எளிதன்று. பல ஆண்டுகளுக்கு முன், செவலை நிறமும் கருவாயும் ஒருங்கே அமைந்த கடுவன் ஒன்றைக் கண்டு மயங்கி, அதன் குணத்தை ஆராயாமல் நம் வீட்டுப் பெட்டையோடு இணைசேர்த்தோம். 63 நாளில் குட்டிகள் பிறந்தன. கண்டவர் அனைவரும் அழகு என்று போற்றினர். அவற்றுள் இரண்டு, வளர்ந்த பின்னும் இடியோசைக்கு நடுங்கிக் கட்டிலின் அடியில் பதுங்கின. புதியவரைக் கண்டால் குரைப்பதற்கு மாறாக ஒளிந்தன. மலைமேல் தோட்டம் வைத்திருந்த உறவினருக்கு அவற்றுள் ஒன்றைக் கொடுத்திருந்தோம். ஒரு திங்களுக்குப் பின் அவரே அதைத் திரும்பக் கொண்டுவந்து, "இது உங்கள் வீட்டு நாய்தானா, அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டார். அவர் கடிந்து பேசியிருந்தால் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டோம். அந்த நாய் ஆயுள் முழுதும் நம் வீட்டிலேயே இருந்தது. அதன் வழியில் குட்டி எடுக்கவில்லை.

நிறத்தை மட்டும் நாடுவதன் தீங்குக்கு இராசபாளையம் நாயும் ஒரு சான்று. தூய வெண்மையையே விரும்பித் தேர்ந்ததால், அவ்வினத்துக் குட்டிகளுள் சில செவிடாகப் பிறப்பதுண்டு. நெருங்கிய இரத்த உறவுள்ள நாய்களை மேன்மேலும் இணைசேர்ப்பதும் இத்தகைய கேட்டையே தரும். ஆகவே ஒவ்வொரு ஈற்றுக்கும் தாய் எது, தந்தை எது, பிறந்த நாள் எது, எவர் வீட்டுக்குச் சென்றது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். நாய் வளர்ப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த 2017-ஆம் ஆண்டில் நடுவண் அரசு விதிகள் வகுத்தது. குட்டி எடுத்து விற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது. இவை தாயின் உடல் தேறவும் குட்டி வலுப்பெறவும் வேண்டிய நெறிகளே.

அண்மைக் காலத்தில் நாட்டு நாய்களுக்கு மதிப்பு ஏறியிருக்கிறது. 2005 சனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் இராசபாளையமும் கர்நாடகத்து முதோள் நாயும் இடம்பெற்றன. முதோள் நாய்க்கு அதன் பிறப்பிடத்தை அடுத்த திம்மாப்பூரில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. 2020-ஆம் ஆண்டளவில் கால்நடை மரபு வளங்களுக்கான தேசிய நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த நாயினங்கள் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோள் என்ற மூன்றுமே. அவ்வரிசையில் கோம்பை இல்லை. எனினும் அதே ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பிரதமர் வானொலியில் ஆற்றிய உரையில் கோம்பையின் பெயரும் ஒலித்தது. அதன்பின் குட்டி கேட்டு வருவோர் பெருகினர்.

இப்பெருக்கமே புதிய இடரையும் கொணர்ந்தது. பழுப்பு நிறமும் கரிய வாயும் உள்ள எந்தக் குட்டியும் கோம்பை என்ற பெயரில் விலைபோகும் நிலை தோன்றியிருக்கிறது. மாநகரத்தில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து வாங்குபவர், தாயையும் தந்தையையும் காண்பதில்லை. இவ்வாறு சில தலைமுறை கழிந்தால் பெயர் இருக்கும். பெயருக்குரிய நாய் இராது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் இவ்விடத்தில் பெருந்துணை செய்யலாம். ஊர்ப்பற்றினால் ஒரு கோம்பைக் குட்டியை மும்பைக்கோ தில்லிக்கோ கொண்டுசெல்ல விரும்பினால், முதலில் உங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஓடவும் காக்கவும் பிறந்த உயிர் அது. நாள்தோறும் நெடுநேரம் நடத்தி அழைத்துச் செல்ல இயலாதவர் அதை அடைத்து வைத்தல் கொடுமை. இயலுமாயின், வளர்ப்பவரின் இடத்துக்கே சென்று தாய் நாயைப் பாருங்கள். ஈற்றுக் குறிப்பைக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் காலத்தில் இடுங்கள். குட்டி வளர்ந்த விதத்தை வளர்த்தவருக்கு எழுதித் தெரிவியுங்கள். அச்செய்தி கிடைத்தால்தான் அடுத்த இணையைச் சரியாகத் தேர்வோம்.

நம்மில் பலர் ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே தாங்கிக்கொண்டு தொலைநாடுகளில் வாழ்கிறோம். அயலார் நம் ஊரைப் பார்த்ததில்லை. நம்மைப் பார்த்தே ஊரை மதிப்பிடுகிறார்கள். கோம்பை நாயின் நிலையும் அதுவே. மலையடிவாரத்தில் எத்தனையோ தலைமுறை மக்கள் காத்துக் கொடுத்த பெயரை அது தாங்கி நிற்கிறது. அப்பெயருக்கு இழுக்கு வராமல் காப்பது, அதைக் கையில் பிடித்து நடத்திச் செல்லும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.