ஆன்ம சோதனையும் தொடக்ககாலத் தமிழ் அச்சும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரைத் தாங்கியுள்ளது. சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1545இல் மலாக்காவை அடைந்தார். அத்துறையில் அவர்தம் பணியைத் தொடர்ந்த அண்ட்ரிக் அடிகளார், 1580இல் கொச்சியில் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூலைத் தமிழில் அச்சிட்டார். பத்துக் கட்டளைகளை ஒட்டி மனச்சான்றை ஆராயும் வினாக்கள் கொண்டது அந்நூல்.

‘பாவி நான்’ எனப் பொதுவாகக் கூறித் தப்புதற்கு இம்முறை இடந்தருவதில்லை. செய்த செயலைச் சுட்டிச் சொல்லுதல் வேண்டும். பெயரிட்டு அறிந்த பிழையையே ஒருவன் திருத்த இயலும். எனவே, தூய வாழ்வில் வளர்தல் உணர்ச்சிப் பெருக்கன்று. நாள்தோறும் தன்னைத் தானே வினவும் பயிற்சி என நாம் கருதுகிறோம். தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் ஒன்று இப்பயிற்சிக்கே உரியதாயிருந்தது என்பது, அச்சு வரலாற்றை ஆராய்வோர் மனங்கொள்ளத் தக்கது.