கண்ணுல பூ விழுந்தா... (ஒரு 200 வருஷக் கதை)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்த பதிவு இது. வழக்கமா பழைய கதைன்னா பிரெஞ்சுக்காரன், கவர்னர், கோட்டைன்னு ஆரம்பிச்சிடுவேன். இன்னிக்கு ஒரு நோயோட வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

எங்க வைத்திக்குப்பத்துக்கு வருஷத்துல ஒரு நாள் ஊரே திரண்டு வரும். மாசி மகம். மயிலம் முருகன்ல இருந்து சுத்துப்பட்டு சாமியெல்லாம் கடற்கரைக்கு தீர்த்தவாரிக்கு வந்துடுவாங்க. சில வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒரு மாசி மகம். பக்கத்து வீட்டுத் தம்பி (கடலுக்குப் போறவர்) தன் குழந்தையைத் தோள்ல வச்சுக்கிட்டு "அண்ணே, ஒரு போட்டோ எடுங்க"ன்னார். பொழுது சாஞ்சிடுச்சு, அதனால ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா பாப்பாவோட ஒரு கண்ணு சிவப்பா இருக்கு, இன்னொண்ணு வெள்ளையா மின்னுது.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஃபிளாஷ் கோளாறுன்னு நினைச்சு, போன்ல இருக்கிற ஒரு ஆப்பை வச்சு ரெண்டு கண்ணையும் கறுப்பாக்கி, "அழகா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பி வச்சேன் :-(

நாலு மாசம் போச்சு. அந்தக் கண்ணு லேசா மாறுகண் ஆச்சு. அவங்க வீட்டு ஆயா "மாறுகண்ணு அதிர்ஷ்டம்டா"ன்னாங்க. தெருவுல ஒருத்தர் "கண்ணுல பூ விழுந்திருக்கும், தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு"ன்னார். கடைசியில ஒண்ணரை வயசு தடுப்பூசிக்குப் போனப்பதான் அங்க இருந்த சிஸ்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "இன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போங்க"ன்னு விரட்டினாங்க.

ரெட்டினோபிளாஸ்டோமா. தமிழ்ல விழித்திரைப் புற்று. கண்ணுக்குள்ள பின்பக்கம் திரை மாதிரி இருக்கிற இடத்துல, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள வர்ற புற்றுநோய். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகள் பிறந்தா ஒண்ணுக்கு வரும்ங்கிறாங்க.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எப்ப இருந்து வெள்ளையா தெரியுது?" அம்மாவும் அப்பாவும் முழிச்சாங்க. கூடப் போயிருந்த எனக்கு பதில் தெரியும், தேதியோட. வாயைத் திறக்கல.

1809: ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

அந்தக் கேள்விதான் என்னை இந்த நோயோட வரலாற்றைத் தேட வச்சுது.

இதை மாதிரி ஒரு கட்டியைப் பத்தி முதல்ல எழுதி வச்சவர் ஹாலந்து நாட்டு உடற்கூறு மருத்துவர் பீட்டர் பாவ், 1597-ல். ஆனா இது தனி நோய்னு கண்டுபிடிச்சவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப். 1809-ல் ஒரு புத்தகம் போட்டார். கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடிச்சது 1851-ல்தான், அதனால வார்ட்ராப்புக்கு உயிரோட இருக்கிற குழந்தையோட கண்ணுக்குள்ள பார்க்க வழியே கிடையாது. எடுக்கப்பட்ட கண்களை அறுத்துப் பார்த்தே, கட்டி விழித்திரையில ஆரம்பிச்சு கண் நரம்பு வழியா மூளைக்குப் போகுதுன்னு சொல்லிட்டார்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். கட்டி கண்ணுக்குள்ளயே இருக்கும்போதே கண்ணை எடுத்துட்டா குழந்தை பிழைக்கும்! ஆனா மயக்க மருந்து வந்தது 1846-ல். அதுக்கு முன்னாடி முழிச்சிருக்கிற குழந்தைக்கு கண்ணை எடுக்கறதை நினைச்சுப் பாருங்க. அந்தக் காலத்து வைத்தியர்கள் பலர் ஏத்துக்கல.

வார்ட்ராப் புத்தகம் வந்து பத்தே வருஷத்துல, 1819-ல், சென்னையில கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கண் மருத்துவமனைதான் அது. உலகத்துலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. நம்ம புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்க மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சது 1823. இன்னிக்கு கோரிமேட்டுல இருக்கிற ஜிப்மரோட வேர் அதுதான். ஆக, கட்டடமும் டாக்டரும் நமக்கு இருநூறு வருஷமா பக்கத்துலயே இருக்கு. குழந்தை அங்க எப்ப வந்து சேருதுங்கிறதுதான் கேள்வி.

அப்புறம் வந்த வைத்தியங்கள்

இதை வேகமா சொல்லிடறேன். 1903-ல் அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஹில்கார்ட்னர்ங்கிற டாக்டர் எக்ஸ்ரே கதிர் வச்சு சிகிச்சை செஞ்சார். அதுக்கப்புறம் பல பத்து வருஷம் கதிர்வீச்சுதான் கண்ணைக் காப்பாத்துற வழி. ஆனா பரம்பரை வகை நோய் இருக்கிற குழந்தைகளுக்கு, கதிர் பட்ட இடத்துல பெரியவங்களானப்புறம் வேற புற்று வர ஆரம்பிச்சுது. அதனால 1990-களில் வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின்னு மூணு மருந்து சேர்த்து ஏத்துற கீமோ முன்னுக்கு வந்துது. 2006-ல் நியூயார்க்ல தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிய குழாயை விட்டு நேரா கண்ணுக்கே மருந்தைக் கொண்டுபோகும் முறையை ஆரம்பிச்சாங்க. இப்ப நம்ம நாட்டுலயும் சில இடங்கள்ல செய்யறாங்க.

இத்தனை வந்தும், கட்டி பெருசாயிட்டா இன்னிக்கும் வார்ட்ராப் சொன்னதுதான். கண்ணை எடுக்கணும்.

கையெழுத்து

எங்க பாப்பாவுக்கும் அதைத்தான் சொன்னாங்க. சென்னையில ஒரு ஆஸ்பத்திரி. தம்பி கையெழுத்துப் போடல. "யோசிச்சு சொல்றோம்"னு கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடிச்சு எல்லாரும் திரும்பி வந்துட்டோம். வீட்டுல ஆயா "கண்ணை நோண்டிப் போடவா பெத்தோம்"னு ஒரே அழுகை. ஒரு வாரம் போச்சு. தடைக்காலம் முடிஞ்ச சமயம் வேற. கடலுக்குப் போனாதான் காசு. போகாம இருந்தா பஸ்ஸுக்கே கடன் வாங்கணும்.

அந்த ஆஸ்பத்திரியில ஆலோசகரா இருந்த ஒரு அம்மா தினமும் போன் பண்ணினாங்க. மிரட்டவே இல்ல. "சும்மா ஒரு தடவை வாங்க, ஒருத்தரைப் பார்த்துட்டுப் போங்க"ன்னாங்க. போனோம். விழுப்புரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, அஞ்சு வயசுப் பையனோட வந்திருந்தாங்க. பையன் நாற்காலி மேல ஏறி இறங்கி ஒரே ஆட்டம். அந்தம்மா சொன்னது ஒரே வார்த்தை. "எந்தக் கண்ணு வச்ச கண்ணுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

தம்பி தப்பா சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

இந்த நோய்க்கு டாக்டரும் மருந்தும் மட்டும் போதாதுன்னு எனக்குப் புரிஞ்சது அங்கதான். மயக்கம் கொடுத்து கண்ணைப் பார்க்கிற நாளெல்லாம் குழந்தைக்கு காலையில பால் கிடையாது. பசியில கத்துற பிள்ளையை வச்சுக்கிட்டு அம்மா வரிசையில உட்காரணும். மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் ஆறு. ரத்த அணு குறைஞ்சா நடுராத்திரி காய்ச்சல். கூட ஒரு ஆள் தங்கணும், தங்க இடம் வேணும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு தலைவலி. தமிழ்நாட்டு அரசு காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத்தான். புதுச்சேரி ரேஷன் கார்டை எடுத்துட்டுப் போய் நின்னா கதை வேற.

இதையெல்லாம் யோசிச்சவங்களும் இருக்காங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கச்சி 1923-ல் புற்றுநோயில இறந்தாங்க. முதல்ல அது வயித்துக்கடுப்புன்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்களாம். அங்கயும் தாமதம்தான். அந்த வலியில இருந்து வந்ததுதான் 1954-ல் 12 படுக்கையோட ஆரம்பிச்ச அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா 2021-ல் கண் மூடுற வரைக்கும் அங்கயே இருந்தாங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை (1976-ல் டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சது, நம்ம தவளக்குப்பத்துல 2003-ல் வந்துச்சு) கண் புற்று வந்த குழந்தைகளுக்கு உதவ 'ரிங் ஆஃப் ஹோப்'னு தனியா நிதி வச்சிருக்கு. 2004-ல் டெல்லியில பூனம் பகாய் ஆரம்பிச்ச கேன்கிட்ஸ் பல ஊர் ஆஸ்பத்திரிகள்ல பெத்தவங்களுக்குக் கூட நிக்குது. 2006-ல் மும்பையில ஆரம்பிச்ச செயின்ட் ஜூட் மையங்கள், வெளியூர்ல இருந்து புற்றுநோய் சிகிச்சைக்கு வர்ற குழந்தைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் இலவசமா தங்க இடம் கொடுக்குது. சென்னையிலயும் இருக்கு.

யார் பண்ணின தப்பு?

ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்கு வந்தா, அந்தப் பொண்ணு மேல பழி. "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தா" அப்படின்னு ஒருத்தர், "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்"னு இன்னொருத்தர். அது எதுவும் பேசாம தலையைக் குனிஞ்சுக்கும்.

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன கதை இது. 1971-ல் ஹூஸ்டன்ல ஆல்ஃபிரட் நட்ஸன்னு ஒரு டாக்டர், இந்த நோய் வந்த 48 குழந்தைகளோட குறிப்புகளை எடுத்து வச்சு கணக்குப் போட்டார். ரெண்டு கண்லயும் வந்த குழந்தைகளுக்கு சின்ன வயசுலயே வருது, ஒரு கண்ல மட்டும்னா கொஞ்சம் தாமதமா வருது. ஏன்?

தங்கச்சி, படகை ரெண்டு கயிறு போட்டுக் கட்டியிருக்குன்னு வச்சுக்கோ. ரெண்டும் அறுந்தாதான் படகு போகும். சில குழந்தைங்களுக்கு பிறக்கும்போதே எல்லா படகுலயும் ஒரு கயிறு அறுந்திருக்கு, இன்னொண்ணு அறுந்தா போதும். அதான் சீக்கிரம் வருது, ரெண்டு கண்லயும் வருது. மத்த குழந்தைங்களுக்கு ஒரே படகுல ரெண்டு கயிறும் தற்செயலா அறுபடணும். அதான் தாமதம், ஒரு கண்ணு மட்டும்.

வெறும் கணக்காத்தான் சொன்னார் நட்ஸன். 1986-ல் அந்தக் கயிறையே, அதாவது 13-வது குரோமோசோம்ல இருக்கிற மரபணுவையே, பாஸ்டன்ல டிரைஜா, வைன்பெர்க், ஃபிரெண்ட் எல்லாம் சேர்ந்து பிடிச்சுட்டாங்க. புற்று வராம தடுக்கிற மரபணுன்னு மனுஷன் முதல்ல பிடிச்சதே இதைத்தான். மத்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கெல்லாம் வழி காட்டினது இந்தக் குழந்தைங்களோட கண்ணு.

பத்துல ஆறு குழந்தைக்கு இது பரம்பரையே இல்ல. மீதி பேர்லயும் பெரும்பாலானவங்களுக்கு வீட்டுல அதுக்கு முன்னாடி யாருக்கும் வந்திருக்காது. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரே கயிறு அறுந்து வந்தாலே போதும்ங்கிறதால சொந்தத்துல கட்டினதும் காரணமில்ல. ஆனா கூடப் பிறந்தவங்க கண்ணை கண்டிப்பா பார்க்கணும். பாப்பாவோட அண்ணனுக்கும் பார்த்தாச்சு, நல்லபடியா இருக்கான்.

முழுசையும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு "இதை எங்க மாமியார்கிட்ட சொல்லுங்கண்ணே"ன்னுச்சு. சொன்னேன். ஆயா பதில் பேசல. ஆனா அதுக்கப்புறம் அவங்க வாயில கிரகணம் வரல.

14-ம் 30-ம்

2020-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு. 153 நாடுகள், 2017-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட 4,351 குழந்தைகள். பணக்கார நாடுகள்ல கண்டுபிடிக்கிற நடு வயசு 14 மாசம். ஏழை நாடுகள்ல 30 மாசம். கட்டி கண்ணைத் தாண்டி வெளிய பரவின நிலையில வந்தவங்க அங்க 100-க்கு ஒண்ணு ரெண்டு. இங்க கிட்டத்தட்ட பாதி. நம்ம நாடு இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பணக்கார நாடுகள்ல 100-க்கு 95-க்கு மேல குழந்தைங்க பிழைக்கிறாங்க. முக்கியமான வித்தியாசம் அந்த 16 மாசம்தான். முதல் அறிகுறியா அதிகம் பேர் பார்த்தது கண்மணி வெள்ளையா தெரியறது, அதுக்கு அடுத்தது மாறுகண்.

என் கணக்குல நாலு மாசம் இருக்கு.

பாப்பா இப்ப நல்லா இருக்கா. வச்ச கண்ணை வளர வளர மாத்தணும், அதுக்கும் செக்கப்புக்கும் போய்ட்டு வராங்க. போன மாசி மகத்துல கடற்கரையில உட்கார்ந்திருக்கும்போது அந்த போட்டோ விஷயத்தை தம்பிகிட்ட சொல்லிட்டேன். அழிக்காம வச்சிருந்த அசலையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அடிப்பார்னு நினைச்சேன். "நானும் பார்த்தேண்ணே. கரண்ட் போன அன்னிக்கு டார்ச் அடிச்சப்போ. பூனைக்கண்ணு மாதிரி மின்னுச்சு. அழகா இருக்குன்னு அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன்"னார்.

அதுக்கு மேல ரெண்டு பேரும் எதுவும் பேசல. சாமி கடல்ல இறங்குற நேரம், எழுந்து போயிட்டோம்.

பி.கு: வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா போன்ல இருக்கிற ஃபிளாஷ் போட்டோக்களை இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை பாருங்க. ஒரு கண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாவோ மஞ்சளாவோ தெரிஞ்சா கண் டாக்டர்கிட்ட போங்க. எல்லாம் புற்றா இருக்காது. கண்புரையா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா அதை டாக்டர் சொல்லட்டும். பூ விழுந்துச்சுன்னு நாமளே முடிவு பண்ண வேணாம். உங்க ஊர்ல இப்படிப்பட்ட குழந்தைங்களுக்கு துணை நிக்கிறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. படிக்கிறவங்களுக்கு உதவும்.