நீவாடு மாறிப்போச்சா?



புதுச்சேரி கடற்கரையில் மணல் அழிந்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "நீவாடே மாறிப்போச்சு சார், மனுஷன் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு பழைய மாணவர் பதில் போட்டிருந்தார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். வில்லியனூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், மூர்த்திக்குப்பம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கரையோர நீவாடு ஆண்டுதோறும் திசை மாறுவதுதான். மாசி, பங்குனியில் வடக்கே வேகமாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், பிப்ரவரியில் வாடைக்காற்று முழுதாக ஓயாதபோதே தண்ணீர் அதை எதிர்த்து வடக்கே போகிறது. உள்ளூர்க் காற்று மட்டும் காரணமல்ல. வங்கக்கடலின் நடுவிலும் நிலநடுக்கோட்டுப் பக்கமும் வீசும் காற்றின் விளைவு கரையோரமாகவே சுற்றி நம்மிடம் வந்து சேர்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களில் இதை விளக்கினார்கள்.

ஆனந்தரங்கப்பிள்ளை காலத்தில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும், சரக்கு சலங்குகளில் கரைக்கு வரும். வாடை பிறக்குமுன் கப்பல்காரர்கள் கிளம்பிவிடப் பார்ப்பார்கள். 1746இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொன்னே அக்டோபரிலும் அங்கேயே தங்கினார். புயல் அவர் கப்பல்களை நொறுக்கிவிட்டது.

நெடுங்கால மாற்றமும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பாக் நீரிணை வழியாக ஒரு சொட்டு நீரும் ஓடியிருக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று அப்போது மெலிந்திருந்தது. பிறகு, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், அது இன்றைவிட வலுவாக வீசியது. பூமி இப்போது ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அன்று நம் கோடைக்காலத்தில் வந்தது. இந்தச் சுழற்சிக்கு ஏறக்குறைய 23,000 ஆண்டு ஆகும். கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர் ஓடுகளைப் படித்துத்தான் இதையெல்லாம் கண்டார்கள். காற்றும் ஆற்றுநீரின் அளவும் அப்படி மாறும்போது நீவாடு மட்டும் மாறாமல் இருக்குமா?

ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள்! நம் கடற்கரை போனதோ என் பணிக்காலத்துக்குள்ளேயே.

கரை மணலைத் தள்ளுவது பெரும்பாலும் நீவாடு அல்ல, சாய்வாக வந்து மோதும் அலை. ஆண்டில் பெரும்பகுதி அது மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1986 முதல் 1989 வரை துறைமுகத்துக்காகக் கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே பட்டினி. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டியதும், அரிப்பு தந்திராயன்குப்பம் பக்கம் நகர்ந்தது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கினார்கள், ஓரளவு மணல் திரும்பியது. நீவாடு மாறியதுதான் காரணம் என்றால் அந்த மணல் எப்படித் திரும்பும், தம்பி? மனிதன் தடுத்த மணல், மனிதன் வழிவிட்டால் வரும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

புதுக்குப்பம், நரம்பைப் பிள்ளைகளே, துறைமுகம் வருமுன் உங்கள் ஊரில் வலை காயப்போட்ட மணல் எவ்வளவு அகலம் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள்.