திருப்பூர் பின்னலாடைத் தொழில் (பொருளியல்)

நொய்யல் கரையில் வளர்ந்த திருப்பூர் பின்னலாடைத் தொழில், கொங்கு நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் தொழில். பொருளியல் பாடநூல் சொல்வதை நடப்புச் சந்தையில் உரசிப் பார்க்க ஏற்ற ஊர்.

இங்கே ஒரு டி-சட்டை பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்கும் காம்பேக்டிங்குக்கும் போய்த் திரும்பும். பிறகு கட்டிங், ஓவர்லாக், காஜா பட்டன், செக்கிங், பேக்கிங். பல கட்டங்கள் வெவ்வேறு கூடங்களில் ஜாப் ஒர்க்காக நடக்கும். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் திறமையும் துணைத்தொழில்களும் தாமாகச் சேரும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதியதற்குக் கண்கூடான சான்று இது.

முதலீட்டின் கதை வேறு. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஊரில் வேரூன்றிய கவுண்டர் சமூகத்தவரையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. கவுண்டர்களிடம் முதலீடு அதிகம். வெளியார் ஏற்றுமதியோ வேகமாக வளர்ந்து அவர்களை முந்தியது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போனது.

சாயக்கழிவு புறவிளைவுக்குப் பாடம். சட்டையின் விலையில் சேராத செலவை நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள விவசாயிகளும் சுமந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே அந்தச் செலவு பட்டறைக் கணக்குக்கு உறுதியாக வந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. பருத்தி டி-சட்டைக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதத்துக்கு மேல் வந்தது இது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20 சதவீதமாகவே இருந்தது. இறக்குமதியாளர் கட்டும் வரியை உண்மையில் சுமப்பவர் யார் என்பது, எந்தப் பக்கத்துக்கு மாற்று வழி குறைவு என்பதைப் பொறுத்தது. சாதாரண டி-சட்டையை டாக்காவிலும் வாங்கலாம். திருப்பூர்த் தையல்காரர் டாக்காவுக்குப் போக முடியாது. ஆகவே சுமையில் பெரும்பங்கு தள்ளுபடியாகவும் குறைந்த ஷிப்டாகவும் இங்கே இறங்கும் என்பதே கோட்பாட்டின் விடை. அமெரிக்க நுகர்வோரே முழு வரியையும் கட்டுகிறார் என்ற பொதுவான வாதம் இங்கே பாதிதான் பொருந்தும். அது எல்லா நாடுகளுக்கும் ஒரே வரி இருக்கும்போது வலுவானது.

பருத்தியில் கொங்கு நாடே இரண்டாகப் பிரியும். 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, நூல் ஏற்றுமதியைத் தடுக்கச் சொன்னது திருப்பூர். நூலை விற்கும் கோவை வட்டார மில்களுக்கு அது நட்டம். பஞ்சு இறக்குமதிக்கு 2021இல் விதிக்கப்பட்ட 11 சதவீத வரியை நீக்குவதில் மட்டும் இருவரும் ஒரே பக்கம். இடுபொருளுக்கு வரி போட்டால் அது ஏற்றுமதிக்கே போட்ட வரியாகும் என்பது அவர்கள் வாதம், அது சரியும்கூட. உள்நாட்டு விலை சரியுமென்று எதிர்ப்பவர்கள் பருத்தி விவசாயிகள். மத்திய அரசு 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு அளித்தது, பின்னர் அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது.