பழைய பிக்கப் கதவு பூட்டவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

சாவியில் உள்ள பொத்தானை அழுத்துகிறீர்கள். மூன்று கதவுகள் ‘டக்’ என்று பூட்டிக்கொள்கின்றன. நான்காவது அசையவே இல்லை. உள்ளே வேலைச் சாமான்கள். அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வருமா?

“மொத்த செட்டையும் மாத்தணும்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் கெட்டுப்போவது ஒரே ஒரு பாகம்தான். அது எது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

சென்ட்ரல் லாக் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் இருக்கும். அது பூட்டுடன் இணைந்த கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். பழைய பிக்கப்களில் பெரும்பாலும் அந்த மோட்டாருக்கு இரண்டு வயர்கள்தான். மின்சாரம் ஒரு திசையில் ஓடினால் கதவு பூட்டும். திசை மாறினால் திறக்கும்.

கோளாறு எங்கே?

வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் கவனமாகக் கேளுங்கள்.

• எந்தக் கதவும் பூட்டவில்லை: முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ஓட்டுநர் கதவின் சுவிட்ச்.

• ரிமோட்டில் மட்டும் வேலை செய்யவில்லை: ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

• ஒரு கதவில் சத்தம் வருது, ஆனா பூட்டல: கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கலாம். மோட்டாருக்குள் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். தூசு சேர்ந்து பூட்டே இறுகியும் இருக்கலாம்.

• ஒரு கதவில் சத்தமே இல்லை: கதவுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கும். பல ஆண்டுகளில் அறுந்துபோகும். வயர் நன்றாக இருந்தால் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

கதவைப் பிரிக்கும்போது

1. கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

2. கையுறை போடுங்கள். கதவின் உள்பக்கத் தகரம் கையைக் கிழித்துவிடும்.

3. கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே என்பது பிறகு மறந்துபோகும்.

4. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வண்டிக்குள் வரும்.

மூடும் முன் ஒரு சோதனை

இதைத் தவறவிடாதீர்கள். பேட்டரி வயரை மாட்டுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். கதவின் ஓரத்தில் உள்ள கொக்கியை ஸ்குருடிரைவரால் தள்ளி, மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பூட்டித் திறந்து பாருங்கள். உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கொக்கி விடுபட்டால் மட்டுமே கதவைச் சாத்துங்கள். பூட்டியபடி சிக்கிக்கொண்ட கதவைத் திறப்பது பெரும்பாடு.

எப்போது பட்டறைக்குப் போகவேண்டும்?

• கதவில் காற்றுப்பை இருந்தால்.

• புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால். எங்கோ வயர் உரசிக்கொண்டிருக்கலாம். அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், வயர் தீப்பிடிக்கலாம்.

பட்டறைக்குப் போனாலும், “இந்தக் கதவு மட்டும்தான், சத்தம் வருது, பூட்டல” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி தேவையில்லாத செலவைத் தவிர்க்க உதவும்.